மூன்று நிமிடப் பாட்டுக்குப் பின்னால் பதினான்கு வருடம்

தேனி என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நகராட்சியின் முழுப்பெயர் தேனி அல்லிநகரம் என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. தமிழ் சினிமா ரசிகர்களுக்கு மட்டும் அல்லிநகரம் நன்றாகவே தெரியும். இயக்குநர் பாரதிராஜாவின் ஊர் அதுதான். அதே மாவட்டத்தின் பண்ணைப்புரத்தில் இருந்து போனவர் இளையராஜா. இந்த இரண்டு பேரும் சேர்ந்த பிறகுதான் தமிழ்ப் பாட்டுக் காட்சி ஸ்டுடியோ வாசலைத் தாண்டி வயல்வெளிக்கு வந்தது என்று சொன்னால் அது பெரிய மிகை இல்லை.

இன்று ஒரு கல்லூரி மாணவர் கூட கையில் இருக்கும் செல்போனை வைத்து ஒரு பாட்டு வீடியோ எடுத்து யூட்யூப்பில் போட்டுவிடலாம். ஆனால் எடுப்பதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும்? எதைத் தேட வேண்டும், எப்படித் திட்டமிட வேண்டும்? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் அல்லிநகரத்தில் இருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் மலையிலேயே இருக்கிறது. அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை.

கம்ப்யூட்டர் இல்லாத காலம்

'16 வயதினிலே' 1977 செப்டம்பரில் வெளிவந்தது. கிராமத்தை அப்படியே திரைக்குக் கொண்டுவந்த படம் என்று பெயர் வாங்கியது. ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்தக் கிராமம் தேனிப் பக்கம் எடுக்கப்பட்டது அல்ல! படப்பிடிப்பு பெரும்பாலும் கர்நாடகாவில், மைசூர், கொள்ளேகால் பகுதிகளில் நடந்தது. அதாவது இயக்குநர் மனதில் ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரைப் போன்ற இன்னொரு ஊரைத் தேடிப் பிடித்தார்கள். இன்றைக்கு 'லொகேஷன் பார்ப்பது' என்கிறோமே, அந்த வேலை அன்று காலாலும் கண்ணாலும் நடந்தது.

அந்தப் படத்தின் 'செந்தூரப்பூவே' பாட்டைப் பற்றி ஒரு தகவல் அடிக்கடி சொல்லப்படும். ஸ்லோ மோஷனில் எடுக்கத் தேவையான கேமராவுக்கு பட்ஜெட் இடம் கொடுக்கவில்லையாம். அதனால் ஸ்ரீதேவியையே மெதுவாக ஓடச் சொல்லி எடுத்தார்களாம். கருவி இல்லாத குறையைத் திட்டமிடலால் சரிக்கட்டியதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அந்தப் பாட்டைப் பாடிய எஸ். ஜானகிக்கு தேசிய விருதும் கிடைத்தது.

அன்று ஏன் அவ்வளவு கவனமாகத் திட்டமிட்டார்கள்? காரணம் பணம்தான். 35 எம்எம் பிலிம் ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 400 அடி ரோல் ஒன்று போட்டால் நாலரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். எடுத்தது சரியாக வந்ததா என்று உடனே பார்க்கவும் முடியாது. லேபில் கழுவி வந்த பிறகுதான் தெரியும். அதனால் நாக்ரா டேப்பில் பாட்டை ஒலிக்கவிட்டு, பல முறை ஒத்திகை பார்த்து, அதன் பிறகுதான் கேமராவை ஓடவிட்டார்கள். ஒவ்வொரு தவறுக்கும் ஒரு விலை இருந்தது.

தொலைக்காட்சி, பிறகு இணையம்

1981 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் எம்டிவி தொடங்கியது. சினிமாவே இல்லாமல் பாட்டுக்காக மட்டும் வீடியோ எடுப்பது அதன் பிறகு ஒரு பெரிய தொழிலாகவே ஆனது. நம் ஊரில் பாட்டு என்றால் சினிமாப் பாட்டுதான். தூர்தர்ஷனின் 'ஒலியும் ஒளியும்' நிகழ்ச்சிக்காக வாரம் முழுக்கக் காத்திருந்த தலைமுறை அது. 1997இல் ஏ.ஆர். ரகுமானின் 'வந்தே மாதரம்' ஆல்பம் பரத்பாலாவின் வீடியோக்களோடு வந்தபோது, சினிமாவுக்கு வெளியேயும் ஒரு பாட்டைப் பிரம்மாண்டமாகக் காட்டலாம் என்று தெரிந்தது. ஆனால் அதற்குப் பெரிய கம்பெனியும் பெரிய பணமும் வேண்டும்.

2005இல் யூட்யூப் வந்தது. அதே வருடம் கூகுள் எர்த்தும் வந்தது. ஒன்று பாட்டைக் காட்டும் இடம், இன்னொன்று பாட்டுக்கு இடம் தேடும் கருவி. 2011 நவம்பர் 16 அன்று வெளியான 'கொலவெறி' வீடியோவில் செட் இல்லை, லொகேஷன் இல்லை, ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் நடந்ததைத்தான் காட்டினார்கள். உலகமே பார்த்தது. வாசல் திறந்துவிட்டது. அந்த வாசல் வழியாக எதைக் கொண்டு போவது என்பதுதான் அடுத்த கேள்வி.

மலையில் நடந்தது

அல்லிநகரத்தில் இருந்து நேர்கோட்டில் சுமார் 25 கிலோமீட்டர் வடக்கே கொடைக்கானல். அங்கே 1983இல் பாண்ட்ஸ் நிறுவனம் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை தொடங்கியது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் ஓடிக்கொண்டிருந்த ஆலையின் இயந்திரங்கள் இங்கே வந்தன. 1987இல் யுனிலீவர் குழுமம் பாண்ட்ஸை வாங்கியதும் ஆலை இந்துஸ்தான் லீவர் வசம் வந்தது. தெர்மாமீட்டருக்குள் இருப்பது பாதரசம். அறை வெப்பத்திலேயே ஆவியாகும் உலோகம் அது. மூச்சோடு தொடர்ந்து உள்ளே போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய பொருள் கிடங்கில், பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடப்பது வெளியே வந்தது. ஊர் மக்களும், கிரீன்பீஸ், பழனி மலைப் பாதுகாப்புக் கழகம் போன்ற அமைப்புகளும் போராடினார்கள். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. 2003இல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. ஆனால் தொழிலாளர்களின் பிரச்சினை முடியவில்லை. ஆலையில் வேலை பார்த்ததால்தான் உடல்நலம் கெட்டது என்றார்கள் தொழிலாளர்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்றது நிறுவனம். 2006இல் முன்னாள் தொழிலாளர்கள் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு நடந்துகொண்டே இருந்தது. செய்தித்தாளில் எப்போதாவது உள்பக்கத்தில் வரும். வெளியே யாருக்கும் ஞாபகம் இல்லை.

2015 ஜூலை இறுதியில் 'கொடைக்கானல் வோன்ட்' என்ற ராப் பாட்டு யூட்யூப்பில் வெளியானது. பாடியவர் சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரப். வீடியோவை இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். சில வாரங்களில் பல லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். யுனிலீவரின் தலைமை அதிகாரி பால் போல்மன் ட்விட்டரில் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்கள் சார்பில் நிறுவனத்தோடு உடன்பாடு கையெழுத்தானது. எவ்வளவு தொகை என்பது வெளியிடப்படவில்லை.

பாட்டு ஜெயித்ததா, தேடல் ஜெயித்ததா?

ஒரு பாட்டு போட்டார்கள், உடனே நியாயம் கிடைத்தது என்று இதைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். அது தவறு. உடன்பாட்டின் அடியில் இருந்தது பத்து வருட வழக்கும், பதினான்கு வருடப் போராட்டமும். அதில் சேர்ந்த ஆய்வு அறிக்கைகள், அரசுக் கடிதங்கள், தொழிலாளர்களின் வாக்குமூலங்கள்... இவைதான் முதலீடு. பாட்டு அந்த முதலீட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, அவ்வளவுதான். முதலீடே இல்லாமல் விளம்பரம் மட்டும் இருந்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பார்கள். நிறுவனமும் ஒரே அறிக்கையில் மறுத்துவிட்டுப் போயிருக்கும்.

ஆனால் பாட்டைத் திட்டமிட்ட விதமும் சாதாரணமானது அல்ல. மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம்.

முதலாவது மெட்டு. 2014இல் உலகம் முழுக்க ஓடிய நிக்கி மினாஜின் 'அனகோண்டா' பாட்டின் இசையை எடுத்துக்கொண்டார்கள். கேட்பவர் காதில் ஏற்கெனவே இருக்கும் மெட்டு, புதிய வார்த்தைகள். கடைசியில் நிக்கி மினாஜே அந்த வீடியோவை ட்விட்டரில் பகிர்ந்தார். கொடைக்கானல் என்ற பெயரையே கேள்விப்படாதவர்கள் கூட அன்று பார்த்தார்கள்.

இரண்டாவது, மொழி. வார்த்தைகள் ஆங்கிலம். உள்ளூர் மக்களுக்கு நடந்தது ஏற்கெனவே தெரியும். தெரிய வேண்டியது லண்டனில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கும் அதன் வாடிக்கையாளர்களுக்கும். யாருக்காக எடுக்கிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டார்கள்.

மூன்றாவது, கோரிக்கை. பதினான்கு வருடக் கதையைப் பாட்டில் அடக்க முடியாது. தொழிலாளர்களுக்கு இழப்பீடு கொடு, மண்ணைச் சுத்தம் செய் என்று சுருக்கினார்கள். கூடவே ஜட்கா என்ற அமைப்பின் இணைய மனு ஓடியது. பார்த்தவர் சும்மா போகாமல் கையெழுத்துப் போட ஓர் இடம் இருந்தது.

அதே இயக்குநர் 2017 பொங்கல் சமயத்தில் 'சென்னை புறம்போக்குப் பாடல்' எடுத்தார். எழுதியவர் கபேர் வாசுகி, பாடியவர் டி.எம். கிருஷ்ணா. இந்த முறை நேர் எதிர்த் திட்டம்! சென்னைத் தமிழ் வார்த்தைகள், கர்நாடக இசை, சபா மேடைக்குப் பதில் எண்ணூர் கழிமுகம். புறம்போக்கு என்ற சொல் எப்படி வசவாக மாறியது என்பதே பாட்டின் கரு. கேட்பவர் மாறியதும் மொழியும் மெட்டும் இடமும் மாறின. 2018இல் மறுபடியும் கொடைக்கானலுக்கு ஒரு பாட்டு வந்தது. இப்போது பிரச்சினை மண். ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற அளவில் சுத்தம் செய்யத் திட்டம். பிரிட்டனில் இதைவிடக் கடுமையான அளவு வைத்துவிட்டு இங்கே மட்டும் ஏன் தளர்வு என்று கேட்டார்கள். ஒரு சின்ன எண்ணில் இருந்து ஒரு முழுப் பாட்டு!

இன்று எப்படித் திட்டமிடலாம்?

இந்த வரலாற்றில் இருந்து மாணவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடியவை நிறைய.

செலவில்லாமல் செய்யக் கூடிய முதல் வேலை, தேடியதை எல்லாம் ஓர் அட்டவணையில் போடுவது. என்ன தகவல், எங்கே கிடைத்தது, எந்த வருடம், இன்னொரு இடத்தில் சரிபார்த்தாயிற்றா என்று நாலு கட்டம் போதும். நான்காவது கட்டம் காலியாக இருந்தால் அந்தத் தகவல் பாட்டில் வரக் கூடாது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை எடுப்பதற்கு முன், அதே படம் முன்பே வேறு எங்காவது வந்திருக்கிறதா என்று இணையத்தில் படத்தை வைத்தே தேடிப் பார்க்கலாம். எங்கோ வந்த வெள்ளத்தைத் தேனி வெள்ளம் என்று காட்டிவிட்டால் பாட்டும் போச்சு, நம்பிக்கையும் போச்சு.

அடுத்தது கணக்கு. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 120 தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டுக்கு அரை வினாடி. நான்கு தட்டு சேர்ந்தால் 2 வினாடி. மூன்று நிமிடப் பாட்டில் இப்படி 90 பகுதிகள் வரும். எந்தப் பகுதியில் எந்தக் காட்சி என்று எழுதிவிட்டால் ஷாட் பட்டியல் தயார். செல்போனில் எடுத்த புகைப்படங்களையே அந்த வரிசையில் பாட்டோடு ஒட்டி ஓடவிட்டுப் பார்க்கலாம். இதற்கு இலவச எடிட்டிங் மென்பொருளே போதும். எந்த இடம் இழுக்கிறது என்று படப்பிடிப்புக்கு முன்பே தெரிந்துவிடும்.

இடத்தைச் செயற்கைக்கோள் வரைபடத்தில் பார்க்கலாம். ஆனால் அந்தப் படம் சில வருடங்கள் பழையதாக இருக்கலாம். பசுமையாகத் தெரியும் இடத்தில் இப்போது பிளாட் போட்டிருப்பார்கள்! ஒருமுறை நேரில் போகத்தான் வேண்டும். காப்புக்காட்டுக்குள் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும், ட்ரோன் பறக்கவிட 2021ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் விட முக்கியம், யாருடைய துயரத்தைக் காட்டுகிறோமோ அவரிடம் கேட்டுவிட்டுக் காட்டுவது.

பாரதிராஜா காலத்தில் பிலிம் விலை அதிகம், அதனால் யோசித்து எடுத்தார்கள். இன்று மெமரி கார்டு விலை குறைவு, அதனால் எடுத்துவிட்டு யோசிக்கிறார்கள். கருவி மலிவானதும் முதலில் குறைந்தது யோசனைதான். கொடைக்கானல் பாட்டு காட்டியது இதைத்தான். ஒரு பாட்டை எடுப்பது இன்று எளிது, எடுக்கத் தகுந்த அளவுக்கு ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வது இன்றும் எளிது இல்லை.

கடைசியாக ஒரு வரைபடம். கொடைக்கானல் ஆலை இருந்த இடத்தின் ஒரு சரிவு பாம்பார் சோலையை நோக்கி இறங்குகிறது. பாம்பாறு கீழே வந்து பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியாக விழுகிறது. அந்த நீர் கடைசியில் வைகையில் சேர்கிறது. மேலே மலையில் மழை என்றால் கும்பக்கரையில் குளிக்கத் தடை என்று தேனி மக்களுக்குத் தெரியும். மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் தண்ணீர் வழியாக இருக்கும் இந்தத் தொடர்பை இணைய வரைபடத்தில் விரலால் தொட்டபடியே பின்தொடரலாம். மலையின் கதை உலகம் முழுக்கப் போய்விட்டது. அடிவாரத்தின் கதையைத் தேடி, சரிபார்த்து, ஒரு பாட்டாகத் திட்டமிட அல்லிநகரத்தில் ஒரு செல்போனும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். செல்போன் எல்லோரிடமும் இருக்கிறது...