பழைய பொட்டிக்கு லேசான ஓஎஸ்: கட்டம் கட்டமா ஒரு வரலாறு

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியா மலையேறினா வெள்ளிமலை. கல்வராயன் மலையில நான் போய்ப் பழகின வீடுகள்ல கம்ப்யூட்டர்னு ஒண்ணு இருந்தா அது பெரும்பாலும் ஒரே வகைதான்: ப்ளஸ் டூ பசங்களுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. எனக்கும் ஒண்ணு கிடைச்சது, அதனால தூரத்திலேருந்தே கண்டுபிடிச்சிடுவேன் :-) நான் சாப்ட்வேர் வேலையில இருக்கேன்னு தெரிஞ்சா உடனே வர்ற கேள்வியும் ஒண்ணுதான். "அண்ணா, இது ஆமை மாதிரி போகுது, லேசா ஏதாச்சும் ஓஎஸ் போட்டுத் தர்றீங்களா?"

இந்த "லேசா"ங்கிற சொல்லுக்குப் பின்னாடி இருபது வருசத்துக்கு மேல கதை இருக்கு மக்களே. எந்தெந்த லினக்ஸ் எவ்வளவு ராம் சாப்பிடும்னு பட்டியல் போட ஆயிரம் பேர் இருக்காங்க. எனக்குத் தோணினது வேற. ஓஎஸ்ஸை லேசாக்க யார் யாரோ எதை எதையோ கழட்டினாங்க இல்லையா, அதுல முதல் வரிசையில கழண்டது நம்ம தமிழ் எழுத்து.

ஏன்னு கொஞ்சம் பார்ப்போம். "கொ"ன்னு அடிச்சா ஃபைலுக்குள்ள முதல்ல ககரம், அப்புறம் ஒகரக் குறி. திரையிலயோ கொம்பு முன்னாடி வரணும், கால் பின்னாடி வரணும். இந்தப் பிரிச்சுக் கோர்க்கிற வேலைக்குன்னே தனியா ஒரு நிரல் வேணும். விண்டோஸ்ல அதுக்குப் பேர் யூனிஸ்க்ரைப். லினக்ஸ்ல க்னோம் பக்கம் பேங்கோ. அது இல்லைன்னா ககரம் ஒரு பக்கம், புள்ளி வட்டம் போட்ட குறி ஒரு பக்கம்னு பிரிஞ்சு நிக்கும். தமிழ் எழுத்துருவும் இல்லைன்னா சுத்தம், வெறும் கட்டம் கட்டமாத்தான். ஆங்கிலத்துக்கு இதெல்லாம் தேவையே இல்லை. அதனால ஆங்கிலம் மட்டும் தெரிஞ்ச ஒருத்தர் இடத்தை மிச்சம் பிடிக்க உக்காந்தா, இது அவர் கண்ணுக்கு வீண் சுமை.

விண்டோஸ் 98ல யுனிகோடு தமிழ் தானா வராது. விண்டோஸ் 2000லதான் லதா எழுத்துரு கூடவே வந்தது. அதுக்கப்புறமும் நிம்மதி இல்லை. ஃபயர்பாக்ஸ் 2 காலத்துல பத்தியை ரெண்டு பக்கமும் சீரா நீட்டி வெச்சா கொம்பும் காலும் தனித்தனியா உதிர்ந்து கிடக்கும். 2008 ஜூன்ல ஃபயர்பாக்ஸ் 3 வந்துதான் தீர்ந்தது. நான் அப்போ சின்னப் பையன், பழைய பதிவுகளைத் தோண்டிப் படிச்சதுதான். மூத்த பதிவர்கள் யாராச்சும் இதைப் படிச்சா பெருமூச்சு விடுவீங்க.

அதே காலத்துல பழைய பொட்டிக்காரங்களுக்கு ரெண்டு பேர் ரொம்பப் பழக்கம். ஒண்ணு டேம் ஸ்மால் லினக்ஸ். மொத்த ஓஎஸ்ஸும் 50 எம்பிக்குள்ள இருக்கணும்னு பிடிவாதம், 486ல கூட ஓடும். ஆனா அதுல இருந்த டில்லோ உலாவியில தமிழ்ப் பக்கம் திறந்தா போச்சு. இன்னொண்ணு பப்பி, ஆஸ்திரேலியாக்காரர் பேரி காவ்லர் 2003ல ஆரம்பிச்சது. மொத்தமும் ராமுக்குள்ள ஏறி உக்காந்துக்கும், ஹார்ட் டிஸ்க்கே வேண்டாம். எனக்குப் பிடிச்ச குட்டி அது. அதுலயும் தமிழ் எழுத்துரு கிடையாது, நாமதான் கொண்டுபோய்ப் போடணும். இத்தனைக்கும் 2004லயே ரெட் ஹேட் லோஹித் எழுத்துருக்களை இலவசமா விட்டாச்சு. ஒரு லோஹித் தமிழ் ஃபைல், இன்னிக்கு நாம எடுக்கிற ஒரு செல்ஃபி அளவுக்குக்கூட வராது!

கொஞ்சம் பெரிய ஓஎஸ்ல தமிழ் நல்லாவே வந்தது, ஆனா அது பழைய பொட்டியில ஓடாது. உபுண்டுக்காரங்க 2005லேருந்து 2011 வரைக்கும் கேட்டவங்களுக்கெல்லாம் தபால்ல இலவசமா சிடி அனுப்பினாங்க. ஆனா சிடியை ஓட்டிப் பாக்க 256 எம்பி ராம் இருந்தாத்தான் நிம்மதி, ஊர்ல இருந்த பொட்டிகள்ல 128தான். தமிழ் வேணுமா, வேகம் வேணுமான்னு ஒரே ஒரு தேர்வு.

இதுக்கு நடுவுல அரசாங்கமும் களத்துல இறங்குச்சு. எல்காட்ல உமாசங்கர் ஐஏஎஸ் மேலாண்மை இயக்குநரா இருந்தப்போ, 2007 வாக்குல, சூசே லினக்ஸுக்கு மாறினாங்க. அதே 2007 ஜனவரியில சென்னை சி-டாக், பாஸ் லினக்ஸை வெளியிட்டது. டெபியனை அடிப்படையா வெச்சு இந்திய மொழிகளுக்குன்னே செஞ்சது. மெனு தமிழ்ல வரும், தமிழ்ல தட்டலாம், எழுத்துருவும் உள்ளேயே இருக்கும். நம்மளை நினைச்சு ஒரு ஓஎஸ் வந்தது.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள் அன்னிக்கு மடிக்கணினித் திட்டம் தொடங்குச்சு. முதல் கட்டத்துல 2 ஜிபி ராம், 320 ஜிபி டிஸ்க், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸும் சேர்ந்தே இருந்தது. ஸ்டார்ட்டர்ங்கிறது மைக்ரோசாப்டோட கழட்டல் கலை. வால்பேப்பர்கூட மாத்த முடியாது! பத்து வருசத்துக்குள்ள 50 லட்சத்துக்கும் மேல கொடுத்தாங்க. பாஸ் இருந்ததால மலைக்கிராமத்துப் பசங்க கையிலயும் தமிழ் மெனு உள்ள ஒரு கம்ப்யூட்டர் வந்தது. ஆனா பாஸ் லேசானது இல்லை. க்னோமைத் தூக்கிக்கிட்டு நிக்கும். எங்க செட்ல லேப்டாப் வாங்கின கையோட பாதிப் பேர் கடைக்குப் போய் "பாஸை எடுத்துட்டு விண்டோஸ் போட்டுக் குடுங்கண்ணா"ன்னாங்க. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை, விளையாட்டு இல்லை, அதுவும் ஒரு காரணம். 2014 ஏப்ரல் 8ல எக்ஸ்பிக்கு ஆதரவு நின்னப்போ, அரசு தன்னோட துறைகளையும் பாஸுக்கு மாறச் சொன்னது. அப்பவும் கடைகள்ல கதை மாறலை.

நிஜமா மாறினது எங்கேன்னா, தைவான்ல. 2006ல ஹோங் ஜென் யீங்கிற மருத்துவர் (ஆமாங்க, டாக்டர்!) எல்எக்ஸ்டிஇன்னு ஒரு லேசான மேசைச் சூழலை ஆரம்பிச்சார். சீன எழுத்துலயே புழங்கற ஆள், எழுத்தைக் கழட்டி எடையைக் குறைக்கலை. கீழே பேங்கோ அப்படியே இருந்தது, மேலே இருந்த அலங்காரம்தான் போச்சு. பின்னாடி 2013ல அது ரேசர்-க்யூட்டியோட சேர்ந்து எல்எக்ஸ்க்யூட்டி ஆச்சு. லுபுண்டுவுல இப்ப இருக்கிறது அதுதான். பாஸ் இப்படி ஒரு மேசையோட 2011லயே வந்திருந்தா நிறைய பேர் அழிச்சிருக்க மாட்டாங்கன்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

இப்போ மலைமேல இருக்கிற அந்த 2 ஜிபி பொட்டிக்கு வருவோம். விண்டோஸ் 7க்கு ஆதரவு 2020 ஜனவரி 14ஓட முடிஞ்சது. 10க்கு 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 11 குறைஞ்சது 4 ஜிபி கேக்கும், டிபிஎம் சிப்பும் கேக்கும், நம்ம பொட்டி வாசல்லயே நிக்க வேண்டியதுதான். ஸ்டார்ட்டர் 32 பிட்ல மட்டுமே வந்ததால, பொட்டியே 32 பிட்னு நிறைய பேர் நினைச்சுட்டிருக்காங்க. 2011 காலத்து பென்டியம், செலரான் லேப்டாப் சிப்பெல்லாம் 64 பிட் ஓட்டும். இது முக்கியம், ஏன்னா 2025 ஆகஸ்ட்ல வந்த டெபியன் 13ல 32 பிட் இன்ஸ்டாலரே இல்லை.

என் ஓட்டு லுபுண்டு, இல்லைன்னா எல்எக்ஸ்க்யூட்டி போட்ட டெபியன். ஹார்ட் டிஸ்க் செத்துப் போயிருந்தா பப்பியைப் பென்டிரைவ்ல. உலாவியில நாலு டேபுக்கு மேல திறந்தா எந்த ஓஎஸ்ஸா இருந்தாலும் மூச்சு வாங்கும், அதை முன்னாடியே சொல்லிடுங்க. போட்டு முடிச்சதும் பாடப்புத்தக பிடிஎஃப்பைத் திறந்து பாத்துட்டு "தமிழ் வருது"ன்னு கிளம்பிடாதீங்க. பிடிஎஃப்புக்குள்ள எழுத்துரு சேர்ந்தே இருக்கும், எங்கேயும் வரும். ஒரு ஃபோல்டருக்கு "கொய்யா"ன்னு பேர் வெச்சுப் பாருங்க. கட்டம் வந்தா எழுத்துரு இல்லை, கொம்பு பிரிஞ்சா கோர்க்கிறவன் இல்லை. லோஹித் தமிழையும், தமிழ்99 தட்ட ஐபஸ் பொதியையும் கள்ளக்குறிச்சியிலயே பென்டிரைவ்ல ஏத்திக்கிட்டுப் போங்க. மேல போயி இறக்கிக்கலாம்னு நினைச்சா, சிக்னல் வர்ற பாறையைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.