ரெக்கார்ட் டான்ஸ்

திரைப்பாட்டை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, படத்தில் கண்ட ஆட்டத்தையும் நடிகரின் தோற்றத்தையும் மேடையில் நிகழ்த்திக்காட்டும் கலை. சுவரொட்டிகளில் இப்போது 'ஆடல் பாடல் நிகழ்ச்சி' என்றே அச்சிடுகிறார்கள். தமிழகம் முழுவதும் கோயில் திருவிழாக்களில் நடைபெறுவது. நாட்றம்பள்ளி, வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம் வட்டாரத்து அம்மன் திருவிழா இரவுகளும் இதற்கு விலக்கல்ல.

தோற்றம் குறித்து ஒத்த கருத்து இல்லை. நாடகக் குழுக்களின் இடைவேளை ஆட்டத்திலிருந்து வந்தது என்பர் சிலர். கரகாட்டத்தோடு சேர்ந்த துணை ஆட்டங்களே திரைப்பாட்டுக்கு மாறின என்பர் வேறு சிலர். ஊருக்கு ஊர் வழி வேறாகவும் இருந்திருக்கலாம். வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடியப் பாரதக்கூத்து பார்த்துப் பழகிய கூட்டம்தான் இதற்கும் பாய் விரித்து உட்கார்ந்தது. பாட்டுக்குக் கிராமபோன் காலத்தில் இசைத்தட்டு, 1980களில் கேசட். பின்னர் குறுந்தட்டும் பென் டிரைவும்.

வேடக்காரர்களே இக்கலையின் உயிர். வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடியோடு எம்.ஜி.ஆர். வேடக்காரர் மேடைக்குப் பின்னிருந்து வராமல் கூட்டத்துக்குள்ளிருந்து கும்பிட்டபடி வருவார். கிழவிகள் எழுந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். ரஜினி வேடக்காரரின் சிகரெட் குறி தப்பினாலும் விசிலுக்குக் குறைவிராது. பிடித்த ஆட்டக்காரரின் சட்டையில் ரூபாய் நோட்டை ஊக்கால் குத்துவதும், கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்வதும் கூத்து மேடையிலும் உள்ள வழக்கம்.

1990களில் ஆட்டமே மாறியது. 1983 மே மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் மைக்கேல் ஜாக்சன் ஆடிக்காட்டிய 'மூன்வாக்', பத்தாண்டுக்குள் தமிழ் மேடைக்குப் பிரபுதேவா வழியாக வந்து சேர்ந்தது. நடன இயக்குநர் சுந்தரத்தின் மகனான இவர், 'மௌன ராகம்' (1986), 'அக்னி நட்சத்திரம்' (1988) படங்களில் பாட்டுக்கு வந்துபோன முகம். 'ஜென்டில்மேன்' (1993) படத்தின் 'சிக்குபுக்கு ரயிலே', 'காதலன்' (1994) படத்தின் 'முக்காலா' இரண்டும் வெளிவந்தபின், நடிகர் முகச்சாயல் இல்லாத இளைஞரும் மேடையேற முடிந்தது. முட்டி வளைந்தால் போதும். 'முக்காலா'வில் தலையும் கைகளும் மறைந்து உடைகள் மட்டும் ஆடும் கட்டம் கணினி வேலை. கிராம மேடையில் அதற்கு வழியேது? 'மின்சார கனவு' (1997) நடன அமைப்புக்காகப் பிரபுதேவா தேசிய விருது பெற்றார். 1999 ஜூன் 27 அன்று மியூனிக் நகரில் ஜாக்சன் நடத்திய நிகழ்ச்சியில் ஏ.ஆர்.ரகுமான், ஷோபனா ஆகியோருடன் அவரும் மேடையேறினார்.

2000களில் தனியார் தொலைக்காட்சிகளின் நடனப் போட்டிகள் வழியாக இதே திரைப்பாட்டு ஆட்டம் வீட்டுக்குள்ளேயே வந்தது.

ஆபாசம் என்ற புகார் இக்கலையை நெடுநாளாகத் தொடர்கிறது. காவல்துறை அனுமதி மறுக்க, விழாக்குழுவினர் உயர் நீதிமன்றம் போவது வழக்கமாயிற்று. இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, கட்சி அல்லது சாதித் தலைவர் படத்தோடு பிளக்ஸ் கூடாது, அசம்பாவிதத்துக்கு விழாக்குழுவே பொறுப்பு என்ற நிபந்தனைகளோடு நீதிமன்றம் அனுமதி அளித்துள்ளது. புகாரில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதே அசைவு திரையில் வந்தபோது எழாத கோபம் மேடை ஆட்டக்காரி மீது மட்டும் பாய்ந்தது.

கொரோனா ஊரடங்கில் திருவிழாக்கள் நின்று குழுக்கள் வருமானம் இழந்தன. ஒரு சமூகத்தாரை இழிவுபடுத்துவதாக எழுந்த எதிர்ப்பை அடுத்து, திருவிழா மேடைகளில் வழங்கிவந்த குறவன் குறத்தி ஆட்டத்துக்குத் தமிழக அரசு 2023இல் தடை விதித்தது.