தொட்டியில் சத்து இருந்தும் பட்டினி கிடக்கும் மிளகாய்க் கன்று

லண்டனில் எங்கள் வீட்டுச் சின்ன அறையில், மண்ணில்லாமல் தண்ணீர்த் தொட்டியில் மிளகாய் வளர்க்கத் தொடங்கி நாலு வருடமாகிறது. போன மாசியில் மூன்று கன்றுகளின் குருத்திலைகள் மஞ்சளாகின; நரம்புகள் மட்டும் பச்சையாக இருந்தன. வித்துத் தந்த அயல்வீட்டு அம்மா காலமாகிவிட்டார். கையில் வேறு வித்து இல்லை. பதறிப்போய்ப் பசளைக் கரைசலைக் கூட்டி ஊற்றினோம். நாலாம் நாள் இலை நுனிகள் கருகின. ஒரு கன்று போய்விட்டது. மற்ற இரண்டையும் காப்பாற்றியபோது கற்றதை, வீட்டுக்குள் மிளகாயோ தக்காளியோ வளர்ப்பவர்களுக்காக எழுதுகிறோம்.

முதலில் எந்த இலையில் தொடங்கியது என்று பாருங்கள். நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், மகனீசியம் ஆகியவற்றைச் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்கு அனுப்பும். அதனால் இவை குறைந்தால் அடியிலைகளே முதலில் காட்டும். இலை முழுவதும் வெளிறினால் நைதரசன். நரம்புகளுக்கிடையில் மட்டும் மஞ்சள் என்றால் மகனீசியம். விளிம்பு கருகினால் பெரும்பாலும் பொற்றாசியம். இரும்பு, கல்சியம், போரன் அப்படி எளிதில் இடம் மாறுவதில்லை. அவற்றின் குறை குருத்தில்தான் தெரியும்.

எங்கள் கன்றில் இருந்தது இரும்புக் குறைபாட்டின் அடையாளம். ஆனால் தொட்டியில் இரும்பு தாராளமாக இருந்தது. வங்கியில் காசு இருந்தாலும் கணக்கு முடக்கப்பட்டால் எடுக்க முடியாது அல்லவா? அதுதான் நடந்தது. மண்ணில்லாப் பயிர்ச்செய்கையில் கரைசலின் பீஎச் 5.5 முதல் 6.5 வரை இருக்கவேண்டும். அதற்கு மேலே ஏற ஏற இரும்பும் மங்கனீசும் பொசுபரசும் கரையாத உப்புகளாக மாறும். வேரால் உறிஞ்ச முடியாது.

எங்கள் மானியோ 6.3 என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. 4 உம் 7 உம் கொண்ட நியமக் கரைசல்களில் வைத்துச் சரிபார்த்த பிறகு உண்மை அளவு 7.4 என்று தெரிந்தது. ஆயுள் முழுக்கக் கணக்கு எழுதியவர்கள், கணக்கிணக்கம் செய்யாத காசேட்டை நம்பியிருக்கிறோம்! இப்போது மாதம் ஒருமுறை சரிபார்க்கிறோம்.

லண்டன் குழாய்த் தண்ணீர் கடினநீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதிலுள்ள கல்சியம்தான். அதோடு வரும் இருகாபனேற்று பீஎச்சை மேலே தள்ளிக்கொண்டேயிருக்கும். இப்படியான தண்ணீருக்கு ஈடீடிஏ வகை இரும்பு போதாது. டிடிபிஏ வகை கூடிய பீஎச்சையும் ஓரளவு தாங்கும். வாங்கும்போது போத்தலின் லேபலைப் பாருங்கள்.

செய்த பரிகாரம் இதுதான். தொட்டியை வெறுமையாக்கி, வேர்களை பீஎச் 5.8க்குக் கொண்டுவந்த வெறும் தண்ணீரில் கழுவி, பசளையைப் பாதி அளவில் புதிதாகக் கலந்தோம். பீஎச்சைக் குறைக்க இதற்கென விற்கும் பொசுபோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். கையுறை அவசியம், அமிலத்தைத்தான் தண்ணீருக்குள் விடவேண்டும். தேசிக்காய்ப் புளி விட்டும் பார்த்தோம். அந்த அமிலத்தை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். இரண்டு நாளில் பீஎச் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

சத்து அளவுக்கு மீறினாலும் இதே அடைப்பு வரும். பொற்றாசியம் கூடினால் கல்சியமும் மகனீசியமும் உள்ளே போவது குறையும். ஏ, பி என்று இரண்டு போத்தலாகப் பசளை விற்பதற்கும் காரணம் உண்டு: செறிந்த நிலையில் ஒன்றாகக் கலந்தால் கல்சியம் சல்பேற்றோடும் பொசுபேற்றோடும் சேர்ந்து அடியில் படிந்துவிடும். ஒன்றைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்த பிறகே மற்றதை விடுங்கள்.

காயின் அடிப்பகுதி கறுத்து அழுகினால் கல்சியப் போத்தலைத் தேடவேண்டாம். இலையிலிருந்து நீர் ஆவியாகும் வேகத்தில்தான் கல்சியம் மேலே ஏறும். குளிர்காலத்தில் யன்னலை மூடிய ஈரமான அறையில் அது நடக்காது. சின்ன மின்விசிறி ஒன்று போதும். வேர் மண்ணிறமாகி வழுவழுத்து மணத்தால் மட்டும் இதெல்லாம் பொருந்தாது, அது வேரழுகல்.

மஞ்சளான பழைய இலைகள் முழுவதும் பச்சைக்குத் திரும்பவில்லை. குருத்தை மட்டும் கவனித்தோம். எட்டாம் நாள் வந்த இலை பச்சை. ஆவணியில் இரண்டு கன்றிலிருந்தும் வித்தெடுத்து, அந்த அம்மாவின் மகளுக்கும் ஒரு சுருள் கொடுத்தோம்.