பார்க்காத ஊருக்குத் திரும்பியவர்கள்

வீரபாண்டியில எங்க தெருவுல ஒரு பாட்டி இருக்காங்க. எல்லாரும் 'கண்டிப் பாட்டி'ன்னுதான் கூப்பிடுவோம். எழுபதுகள்ல கப்பல்ல ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாம்ல இருந்து, தாத்தாவோட ஊர்னு இங்க வந்தவங்க. பிறந்தது கண்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல. அரசாங்கம் இவங்களுக்கு வச்ச பேர் 'தாயகம் திரும்பியோர்'. முன்னப்பின்ன பார்க்காத ஊருக்கு எப்படிங்க திரும்புறது?

இதுக்கு மூலம் 1948. சுதந்திர இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்கள்ல பெரும்பாலானவங்களை நாடற்றவர்களாக்கியது. நேருவோட நிலைப்பாடு ரொம்பக் காலம் ஒண்ணுதான்: அவங்க இலங்கையோட மக்கள், மொத்தமா ஏத்துக்க முடியாது. 1964 மே மாதம் நேரு இறந்தார். அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் டெல்லியில கையெழுத்துப் போட்டாங்க. சுமார் 9,75,000 பேர்ல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கலாம். ஏதோ டேட்டாபேஸைப் பிரிக்கிற மாதிரி!

நடுவுல என்ன மாறுச்சு? 1962 போர்ல சீனாகிட்ட இந்தியா தோத்திருந்தது. அந்த டிசம்பர்ல சிறிமாவோ கொழும்புல ஆறு நாடுகளைக் கூட்டி சமரசம் பேசினப்போ, சீனாவை ஆக்கிரமிப்பாளர்னு யாரும் சொல்லல. அமெரிக்கா முறைச்சும் கேட்காம 1952லயே சீனாவுக்கு ரப்பர் கொடுத்து அரிசி வாங்கின நாடு இலங்கை. இதுக்கெல்லாம் மேல, 1964 அக்டோபர் 16 அன்று சீனா முதல் அணுகுண்டை வெடிச்சுது. ஒப்பந்தம் அதுக்குச் சரியா பதினாலு நாள் கழிச்சு.

சீனா மட்டுமே காரணம்னு நான் சொல்லல. இலங்கையோட பெரும்பான்மை அரசியல்தான் வேர். ஆனா தெற்கே இன்னொரு பகையை டெல்லியால அப்போ தாங்க முடியாது. அந்த நிம்மதிக்கான விலையைக் கொடுத்தது தோட்டத்துல கொழுந்து பறிச்சவங்க. என் வாசிப்பு இதுதான்.

ஒதுக்கி வச்ச அந்த 1,50,000 பேரை 1974ல இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியா, 75,000 பேர்னு பிரிச்சுக்கிட்டாங்க.

பாட்டியோட அக்கா குடும்பத்துக்கு இலங்கைக் குடியுரிமை கிடைச்சது. அக்காவும் தங்கச்சியும் கடைசியா ஒருத்தரை ஒருத்தர் பார்த்தது தலைமன்னார்ல, கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி.