ஓடாவியின் கை

எங்கட பக்கத்தில் மரவேலைக்காரரை ஓடாவி என்றுதான் கூப்பிடுவோம். வீட்டுக்கு நிலை வைக்க வருபவரும் ஓடாவிதான். சொல்லுக்குள்ளேயே ஓடம் கேட்கிறது. மரக்காயர் என்ற பெயரில் மரக்கலத்தைக் காணும் நம்ம வரலாற்றெழுத்து, கப்பல் முதலாளிமாரைத் தேடிய அளவுக்கு ஓடாவியைத் தேடவில்லை.

உப்புவெளிக்குத் தெற்கேயுள்ள துறைமுகத்தின் பெயரைச் சுமந்த 'ட்ரிங்கோமலி' போர்க்கப்பல் 1817இல் பம்பாயில் தேக்கால் கட்டப்பட்டது. இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. கட்டிய வாடியாக்கள் 1736இல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்த பார்சித் தச்சர் வழியினர்.

அந்தச் சூரத்தில் பலகை பொருத்திய முறையை 1770களில் டச்சுக் கப்பல் தலைவர் ஸ்டாவோரினஸ் பார்த்து எழுதியிருக்கிறார். விளிம்புகளைத் தட்டையாக விடாமல், ஒன்றுக்குள் ஒன்று அமரும்படி வெட்டுவார்கள். நிறுத்திய பலகையின் விளிம்பில் ஈயச் செந்தூரம் பூசி, அடுத்ததை அதன்மேல் வைத்து அழுத்துவார்கள். சிவப்பு ஒட்டிய இடம் மேடு. அதைச் செதுக்கி, மறுபடி வைத்து, மறுபடி செதுக்கி, இம்மியும் இடைவெளி இல்லாமற் போகும்வரை இதே வேலை. பிறகு பசை, மெல்லிய பஞ்சு, முளை. பொருத்திய கோடே தெரியாதாம். பொறுமை என்று நாம் மிம்பரில் கேட்பது இதுதானோ!

பலகையைத் தைக்கிற வழியும் இருந்தது. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, இந்தியா, யமன் கப்பல்களைத் தென்னங்கயிற்றால் தைப்பதற்குக் காரணம் சொல்கிறார்: இரும்பாணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் உடைந்துவிடும், தைத்த கப்பல் நெகிழ்ந்து கொடுக்கும்.