பாட்டிகள் கேட்ட சான்று

2015 டிசம்பர் 24 அன்று, அர்ஜென்டினாவில் 39 ஆண்டுகளாகக் காணாமல் போயிருந்த ஒரு குழந்தை கிடைத்துவிட்டது என்ற செய்தி உலகமெங்கும் பரவியது. குழந்தை என்பது பழக்கத்தில் வரும் சொல். உயிரோடு இருந்தால் அவருக்கு அப்போது 39 வயது. தேடிய பாட்டிக்கு 92. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் வந்த செய்தி என்பதால் எல்லோரும் அதை ஒரு வரமாகவே படித்தார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். தோழிகள் நாலைந்து பேருக்கு உடனே அனுப்பினேன். ஒருத்தி அழுதுகொண்டே என்னை அழைத்தாள்.

மறுநாளே மறுப்பு வந்தது. அந்தப் பெண் அந்தப் பாட்டியின் பேத்தி இல்லை.

செய்தியை அனுப்பிய வேகத்தில் மறுப்பை என்னால் அனுப்ப முடியவில்லை. பல நாள் தள்ளிப்போட்டேன். அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்தேன். ஒரு தாயோ பாட்டியோ தேடினால் அவளுடைய கண்ணீருக்குப் பலன் கிடைத்தே ஆக வேண்டும் என்று எனக்குள் ஒரு சினிமாக் கதை இருந்திருக்கிறது. அந்தப் பாட்டியின் நிஜ வரலாறு அந்தக் கதையைவிட மிகப் பெரியது. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

லா பிளாட்டா நகரத்தில் 30ஆம் தெருவில் 1134ஆம் எண் வீடு. 1976 மார்ச் 24 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, அந்த வீட்டில் டயானா டெருகியும் அவருடைய கணவர் டேனியல் மரியானியும் குடியிருந்தார்கள். இருவரும் மொன்டொனேரோஸ் என்ற ஆயுதப் போராட்ட இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். வெளியே பார்ப்பவர்களுக்கு அது முயல் வளர்த்து, முயல் இறைச்சியை ஊறவைத்து விற்கும் வீடு. பின்பக்கம் ஒரு பொய்ச்சுவர். அதற்குப் பின்னால் ரகசிய அச்சகம். தாயோடு அந்த வீட்டில் சில மாதங்கள் ஒளிந்து வாழ்ந்த ஒரு சிறுமி, லாரா அல்கோபா, பிற்காலத்தில் பிரான்சிலிருந்து அதை நாவலாக எழுதினார். அந்த நாவல் வழியாகத்தான் அந்த வீடு எனக்கு அறிமுகமானது. அதில் வரும் டயானா வயிற்றில் பிள்ளையோடு இருப்பார்.

அந்தப் பிள்ளை 1976 ஆகஸ்ட் 12 அன்று பிறந்தது. கிளாரா அனாஹி என்று பெயர் வைத்தார்கள். நவம்பர் 24 மதியம் ராணுவமும் காவல்துறையும் வீட்டைச் சூழ்ந்துகொண்டு மணிக்கணக்கில் சுட்டன. டயானாவும் உள்ளே இருந்த வேறு நான்கு பேரும் கொல்லப்பட்டார்கள். டேனியல் அப்போது வீட்டில் இல்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அவரையும் கொன்றார்கள். மூன்று மாதக் குழந்தையின் உடல் மட்டும் அந்த வீட்டில் கிடைக்கவில்லை.

டேனியலின் தாய் மரியா இசபெல் சொரோபிக் தெ மரியானி. எல்லோரும் அவரைச் சிச்சா என்றே அழைத்தார்கள். பள்ளியில் கலை வரலாறு சொல்லிக்கொடுத்த ஆசிரியை. மகனுக்கும் மருமகளுக்கும் அரசியல் இருந்தது, அவருக்கு அதில் நேரடிப் பங்கில்லை. குழந்தையும் செத்துவிட்டது என்று அவரிடம் சொன்னார்கள். உயிரோடு வெளியே தூக்கிப் போனார்கள் என்ற தகவலும் வேறு வழியில் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து காவல் நிலையம், ராணுவ முகாம், தேவாலயம், சிறார் நீதிமன்றம் என்று தனியாகவே அலைந்தார். சிறார் நீதிமன்றத்தில் வேலை பார்த்த ஒரு பெண், உங்களைப் போலவே இன்னொரு பாட்டியும் தேடிக்கொண்டிருக்கிறார் என்று சொல்லி அலிசியா தெ லா குவாத்ராவின் விலாசத்தைக் கொடுத்தார். சிச்சா போய்க் கதவைத் தட்டினார். 1977 அக்டோபரில் 12 பெண்கள் சேர்ந்து உருவாக்கிய மே சதுக்கப் பாட்டிகள் அமைப்பின் தொடக்கங்களில் அந்தக் கதவும் ஒன்று.

அவர்கள் வேலை செய்த விதத்தைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். வயதான பெண்களை யாரும் கவனிப்பதில்லை என்பதையே அவர்கள் கருவியாக்கிக்கொண்டார்கள். புவனோஸ் ஐரிஸில் ‘லாஸ் வியோலெத்தாஸ்’ என்ற காபிக் கடையில் பிறந்தநாள் கொண்டாடுவதுபோல் கூடினார்கள். தொலைபேசியில் பேரக்குழந்தைகளைப் ‘பூக்கள்’, ‘குட்டிகள்’ என்றும், போப்பாண்டவரை ‘வெள்ளை மனிதர்’ என்றும், தங்களையே ‘கிழவிகள்’ என்றும் சங்கேதமாகச் சொல்லிக்கொண்டார்கள். கிழவிகள் கூடி வம்பளக்கிறார்கள் என்று ஒட்டுக்கேட்பவன் நினைத்தால் நல்லதுதான்.

தேடவேண்டிய குழந்தைகள் இரண்டு வகை. கிளாராவைப் போலப் பெற்றோரோடு இருக்கும்போது பறிக்கப்பட்டவர்கள் ஒரு வகை. தாயின் வயிற்றில் இருக்கும்போதே சிறைப்பட்டவர்கள் மற்றொரு வகை. கர்ப்பிணிகளைப் பிரசவம் வரை உயிரோடு வைத்திருந்து, பிள்ளை பிறந்ததும் தாயைக் கொன்று, பிள்ளையை ராணுவத்தார் குடும்பங்களுக்கோ அவர்களுக்கு வேண்டியவர்களுக்கோ கொடுத்தார்கள். பெண்ணுடலை ஓர் அரசு எந்த அளவுக்கு வெறும் பாத்திரமாகப் பார்க்க முடியும் என்பதற்கு இதைவிட அப்பட்டமான உதாரணம் எனக்குத் தெரியாது. இப்படிப் பறிக்கப்பட்ட குழந்தைகள் சுமார் 500 பேர் என்பது பாட்டிகளின் கணிப்பு.

ஒரு வீட்டில் சந்தேகத்துக்குரிய குழந்தை இருப்பது தெரிந்தாலும் அடுத்த கேள்வி தயாராக நின்றது: இது உங்கள் பேத்திதான் என்பதற்கு என்ன சான்று? பிறக்கும் முன்பே பறிக்கப்பட்ட பிள்ளைக்குப் புகைப்படமும் இல்லை, மச்ச அடையாளமும் இல்லை, பெயரும் இல்லை. இந்த இடத்தில் நான் சிச்சாவை வியக்கிறேன். என்னை நம்புங்கள், பாட்டியின் மனசுக்குத் தெரியும் என்று அவர் கேட்டிருக்கலாம். அவர் கேட்டது அது இல்லை. 1979இல் தன் ஊர்ப் பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தியைப் படித்தார். தந்தையாக இருக்க மறுத்த ஒருவர்தான் தந்தையா என்பதை ரத்தப் பரிசோதனையில் அறிந்த செய்தி அது. எங்கள் பிள்ளைகள் இல்லை, எங்கள் ரத்தத்தை வைத்துப் பார்க்க முடியுமா என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது.

அந்தக் கேள்வியை நாடு நாடாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். தந்தைமைச் சோதனை தாய், பிள்ளை, தந்தை என்ற மூவரை வைத்து நடப்பது. இங்கே நடுவில் ஒரு தலைமுறையே கொல்லப்பட்டிருந்தது. 1982 நவம்பரில் சிச்சாவும் எஸ்தலா தெ கார்லோத்தோவும் அமெரிக்கா போனார்கள். அர்ஜென்டினாவிலிருந்து தப்பி நியூயார்க்கில் வாழ்ந்த மரபியல் மருத்துவர் விக்தர் பென்சசாதே அவர்களுக்கு வழி காட்டினார். கலிபோர்னியாவில் மேரி-கிளேர் கிங் என்ற இளம் மரபியலாளர் இந்த வேலையில் இறங்கினார். வெள்ளையணுக்களில் ஆளுக்கு ஆள் வேறுபடும் ஹெச்எல்ஏ அடையாளங்களைத் தாத்தா பாட்டி நால்வரிடமும் பார்த்து, குழந்தை அவர்கள் வழி வந்ததாக இருப்பதற்கான வாய்ப்பைக் கணக்கிட முடிந்தது. 99.9 சதவீதம் வரை உறுதி. அதற்கு ஸ்பானிய மொழியில் பாட்டியை வைத்தே பெயரிட்டார்கள். தமிழில் ‘பாட்டிமை எண்’ என்று சொல்லலாம். 1984 டிசம்பரில் ஒரு சிறுமி இந்தச் சான்றின் பலத்தில் பாட்டி வீட்டுக்குத் திரும்பினாள்.

பிறகு மைட்டோகாண்ட்ரியா மரபணு வந்தது. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருவது அது. தாய், தாயின் தாய், அவளுடைய தாய் என்று பெண்வழியாகவே போகும். இதில் சிச்சாவுக்கு ஒரு தனி நிலை. அவர் தந்தைவழிப் பாட்டி. அவருடைய மைட்டோகாண்ட்ரியா மரபணு மகன் டேனியலோடு நின்றுவிட்டது, கிளாராவிடம் போகவில்லை. கிளாராவை அந்த வழியில் அடையாளம் காட்டக்கூடியது டயானாவின் தாய் வழி. அதனால் இரண்டு குடும்பங்களின் ரத்தமும் தேவை. 1987இல் சட்டம் போட்டு அமைத்த தேசிய மரபணுத் தரவு வங்கியில் அப்படித்தான் சேர்த்தார்கள். பாட்டி இறந்துபோனாலும் அவருடைய சான்று இறக்காது என்பதே அந்த வங்கியின் பொருள்.

இங்கே என் சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். ரத்தம் என்ற சொல்லைப் பெண்ணியக் கட்டுரையில் நல்ல பொருளில் எழுத எனக்குக் கை வராது. நம் ஊரில் ரத்த சொந்தம், சொந்த ரத்தம் என்ற பேச்சு எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியும். பெண்ணின் கருப்பைக்குக் காவல் போடுவதும் அந்தச் சொல்தான், சாதி மாறிக் கட்டியவர்களை வெட்டிச் சாய்ப்பதும் அந்தச் சொல்தான். தத்தெடுத்து வளர்க்கும் பெண்களிடம், என்ன இருந்தாலும் உன் ரத்தமா என்று கேட்பதும் அதுதான். பிறகு எப்படி நான் இந்தப் பாட்டிகளின் பக்கம் நிற்கிறேன்?

யோசித்துப் பார்த்தால், அங்கே பிறப்பைக் கறையாக நினைத்தது ராணுவம். எதிரிகளின் பிள்ளைகள் எதிரிகளாகவே வளர்வார்கள், அவர்களை ‘நல்ல’ கிறிஸ்தவக் குடும்பங்களில் போட்டு மாற்ற வேண்டும் என்பது அந்த ஆட்சியின் எண்ணம். பாட்டிகளின் வாதம் பரம்பரைப் பெருமை பற்றியது இல்லை. ஒரு குற்றம் நடந்திருக்கிறது, அதன் சான்று அந்தப் பிள்ளையின் உடம்பில் இருக்கிறது, தான் யார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அந்தப் பிள்ளைக்கு உண்டு என்பதே. 1989இல் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் அடையாளத்துக்கான உரிமை 8ஆம் பிரிவாக ஏறியதில் இவர்களின் உழைப்பு உண்டு. தத்தெடுப்பில் ஒரு சம்மதமும் ஒரு பதிவும் இருக்கின்றன. இங்கே இருந்தவை கொலையும் பொய்ச் சான்றிதழும்.

சட்டத்திலும் இந்த வாதம் எதிர்பாராத பலன் தந்தது. 1986, 1987ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் ராணுவத்தாரைக் கொலைக்கும் சித்திரவதைக்கும் பொறுப்பிலிருந்து காப்பாற்றின. பிள்ளைத் திருட்டு அந்தக் காப்பில் சேரவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் 1998இல் முன்னாள் சர்வாதிகாரி விதேலா மறுபடி கைதானார். 2012 ஜூலையில், குழந்தைகளைத் திட்டமிட்டுத் திருடியதற்காக அவருக்கு 50 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. வீட்டு விவகாரம், பெண்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கப்பட்ட ஒன்றுதான் கடைசியில் அவர்களைப் பிடித்துக்கொடுத்தது.

இப்போது 2015 டிசம்பருக்குத் திரும்பலாம். சிச்சா 1989இல் பாட்டிகள் அமைப்பின் தலைமையிலிருந்து விலகி, பிறகு பேத்தியின் பெயரிலேயே தனி அமைப்பு நடத்திவந்தார். கண்பார்வை மங்கியிருந்தது. ஒரு பெண் தனியார் ஆய்வக அறிக்கையோடு வந்தார். அதில் 99.9 சதவீதம் என்று இருந்தது. சிச்சாவின் அமைப்பு செய்தியை அறிவித்தது. ஆனால் அதே பெண்ணின் மாதிரியைத் தேசிய வங்கி அதற்கு முன்பே சோதித்து, பொருந்தவில்லை என்று சொல்லியிருந்தது. அதிகாரிகள் அதை வெளியிட்டார்கள். யாருடைய போராட்டத்தால் அந்த வங்கி வந்ததோ, அவரிடமே அது ‘இல்லை’ என்றது.

அன்று எனக்கு அது கொடுமையாகத் தெரிந்தது. பாவம், அந்தக் கிழவி நம்பிக்கொண்டே போயிருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை. பாட்டிக்கு ஆறுதல் தேவை என்பதற்காக ‘ஆம்’ என்று சொல்லும் வங்கியை யாரும் நம்ப மாட்டார்கள். அந்த வங்கி ‘ஆம்’ என்று சொன்ன ஒவ்வொரு பேரப்பிள்ளையும், தேவைப்பட்டால் அது ‘இல்லை’ என்றும் சொல்லும் என்பதால்தான் நீதிமன்றத்தில் நிற்க முடிந்தது. அவர்களில் எஸ்தலாவின் பேரனும் ஒருவர். 36 ஆண்டுத் தேடலுக்குப் பிறகு 2014 ஆகஸ்டில் கிடைத்தார். தன் பாட்டி யார் என்று தெரியாமலே இசைக்கலைஞராக வளர்ந்திருந்தார்.

அந்த வீட்டைத் தாக்கிய வழக்கில், மாகாணக் காவல்துறையின் புலனாய்வுத் தலைவராக இருந்த மிகேல் எச்செகொலாத்ஸுக்கு 2012 டிசம்பரில் ஆயுள் தண்டனை விதித்தார்கள். குழந்தையை எங்கே கொடுத்தோம் என்று அவர் சொல்லவில்லை. 2022இல் சொல்லாமலே செத்தார். சிச்சா அதற்கு முன்பே, 2018 ஆகஸ்ட் 20 அன்று, 94 வயதில் இறந்துவிட்டார். 2024இல் அர்ஜென்டின அரசு, காணாமல் போன பிள்ளைகளைத் தேடுவதற்கென்றே இருந்த சிறப்புப் புலனாய்வுப் பிரிவைக் கலைத்தது. அதற்குப் பிறகும் 2025 ஜூலையில் 140ஆவது பேரப்பிள்ளையைக் கண்டறிந்ததாகப் பாட்டிகள் அறிவித்தார்கள்.

அந்த 140 பேரில் கிளாரா அனாஹி இல்லை. 30ஆம் தெரு வீடு குண்டுத் துளைகளோடு நினைவிடமாக நிற்கிறது. கிளாரா இருந்தால், தன் பிறந்த தேதி வேறு என்று நம்பிக்கொண்டு, ஐம்பதை ஒட்டிய பெண்ணாக எங்கோ இருப்பார். பேரப்பிள்ளைகளுக்கு அவரே பாட்டியாகியிருக்கலாம். 1975க்கும் 1980க்கும் இடையில் பிறந்து, தான் யார் என்ற சந்தேகம் உள்ள எவரும் வரலாம் என்று அமைப்பு இன்றும் அழைத்துக்கொண்டிருக்கிறது. வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கச் சிச்சாவின் மாதிரி அங்கே இருக்கிறது.