குருதி சொன்னதும் வைத்தியர்கள் வாசித்ததும்

கடுமையாகச் சுவாசம் தவறும் நோயாளியின் குருதியிலுள்ள நூற்றுக்கணக்கான அனுசேபப் பொருட்களை ஒரே தடவையில் அளந்து நோயின் போக்கை அறியலாம் என்ற நம்பிக்கை இன்று வலுத்துள்ளது. இதனை நான் மறுக்கவில்லை. ஆனால், ஒரு காலத்தில் இரசாயனவியல் கற்பித்தவன் என்ற முறையில், 1952இல் கொப்பன்ஹேகனில் நடந்ததை நினைவூட்ட வேண்டியுள்ளது.

அவ்வருடக் கோடையில் இளம்பிள்ளைவாதம் அந்நகரைத் தாக்கியது. பிளேக்டாம் வைத்தியசாலையில் முதல் மூன்று வாரங்களில் சுவாசம் முடங்கிய 31 பேரில் 27 பேர் இறந்தனர். குருதியில் பைகாபனேற்று மிகுந்திருந்தது. எனவே குருதி காரமாகிவிட்டது என வைத்தியர்கள் தீர்மானித்தனர். அளவீடு சரி, வாசிப்புத்தான் பிழை.

வெளியிலிருந்து அழைக்கப்பட்ட மயக்கமருந்து வைத்தியர் பியோர்ன் இப்சன் வேறுவிதமாக வாசித்தார். சுவாசத் தசைகள் முடங்கியதால் காபனீரொட்சைட்டு உடலிலேயே தேங்குகிறது. அது குருதியை அமிலமாக்குகிறது. பைகாபனேற்றின் அதிகரிப்பு அதன் விளைவே என்றார். ஓகஸ்ட் 27ஆம் திகதி 12 வயதுச் சிறுமியொருத்தியின் மூச்சுக்குழாயில் துளையிட்டு, றப்பர்ப் பையை அமுக்கிக் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். பின்னர் சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவுபகலாகக் கையால் பை அமுக்கினர். இறப்பு வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

1967இல் அமெரிக்காவின் டென்வர் வைத்தியர்கள் 12 நோயாளிகளைக் கொண்டு வேறொரு நிலையை விபரித்தனர். இங்கு முடங்குவது தசையல்ல. நுரையீரலே அழற்சியுற்று நீர்கோக்கிறது. 2014இல் வெளியான ஆய்வொன்று இந்நோயாளிகளை இரு பிரிவினராக இனங்கண்டது. ஒரு பிரிவினரிடம் அழற்சிப் புரதங்கள் அதிகம், இறப்பும் அதிகம். அவர்களது குருதியில் பைகாபனேற்றுக் குறைவு!

அன்று கூடியிருந்தது ஆபத்தின் அடையாளம், இங்கு குறைந்திருப்பது. ஒரே பொருள், எதிரெதிர்ச் செய்தி. பொருளொன்றுக்கே இப்படியென்றால் நூற்றுக்கணக்கானவற்றை எப்படி வாசிப்பது? குருதியில் கலப்பவை நுரையீரலிலிருந்து மட்டும் வருவனவல்ல. ஈரல், தசை, குடல், ஏற்றிய மருந்து எல்லாம் அதில் எழுதுகின்றன. 2012இல் வகுக்கப்பட்ட பேர்லின் வரையறையும் ஒட்சிசன் அளவையும் நெஞ்சுப் படத்தையுமே பெரிதும் நம்புகிறது.

ஆகவே எனது வாதம் இதுதான். கருவி பெருகுவதால் விளக்கம் பெருகிவிடாது. மூத்தவர்கள் ஒருமித்து ஒரு பிழையை வாசிக்கும்போது, வெளியிலிருந்து வருபவன் ஒருவன் மாற்றி வாசிக்கவும், அவனுக்குச் செவிகொடுக்கவும் இடமிருக்க வேண்டும். அந்த இடம் கொப்பன்ஹேகனில் கிடைக்க 27 உயிர்கள் போக வேண்டியிருந்தது.